ஞாயிறு மணி அடிக்காத வார்டன் அம்மா

ஆராதனை நடுவில் நான் தூங்கிப்போனேன். இன்ச்சொன் துறைமுக நகரத்துக்கு வேலைக்கு வந்து சேர்ந்த புதிது. முந்தின நாள் தையல் எந்திரத்தை விட்டு எழுந்தபோதே ஊர் அடங்கியிருந்தது. போதகர் பிரசங்கத்தில் எகிப்தை விட்டுப் புறப்படுவதற்குள் என் தலை பக்கத்தில் இருந்தவரின் தோளில் சாய்ந்துவிட்டது. எங்கள் சபையில் தூங்குகிறவர்களை எழுப்புவதற்கென்றே ஒருவர் நடைபாதையில் உலவுவார். தோளில் தட்டமாட்டார், விலாவில் குத்துவார். அவர் எங்கள் வரிசைக்கு வந்தபோது, அந்தத் தோளுக்குரிய அம்மாள் தன் பாட்டுப் புத்தகத்தை விரித்து என் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாராம். இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ பாட்டைத் தேடுகிறோம் என்று நினைத்து அவர் போய்விட்டாராம். பிரசங்கம் முடியும்வரை புத்தகம் இறங்கவில்லை.

இதை எனக்குச் சொன்னது பின்வரிசைப் பெண் ஒருத்தி. நன்றி சொல்ல நான் போனபோது அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தப் புத்தகம்? நீ கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு இருந்தே. நல்ல பழக்கம். அடுத்த தடவை கொஞ்சம் சத்தமில்லாம ஜெபி. குறட்டை மாதிரி கேக்குது."

அவர்தான் சொனூ ஷின்தொக். எங்கள் சபையில் வயதும் விசுவாசமும் முதிர்ந்த பெண்களுக்கு க்வொன்சா என்று ஒரு பட்டம் கொடுப்பார்கள். அவருக்கு அது இருந்தது. நான் வேலை பார்த்த சட்டைத் தொழிற்சாலையின் பெண்கள் ஹாஸ்டலுக்கு அவர்தான் வார்டன். தொழிற்சாலையின் முதலாளி பாங் எங்கள் சபையின் மூப்பர். ஆக, எங்களுக்கு வேலை கொடுத்தவர், எங்களை எழுப்பிவிட்டவர், எங்களுக்காக ஜெபித்தவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எழுபதுகளின் பிற்பகுதி.

க்வொன்சா அம்மா வடக்கே பியொங்கான் பக்கத்தில் பிறந்தவர். அந்நிய ஆட்சியிலிருந்து விடுதலை கிடைத்த மறு வருஷம் அங்கே கம்யூனிஸ்ட்டுகள் முதல் தேர்தல் வைத்தார்கள். வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கர்த்தருடைய நாளில் ஓட்டுப்போடமாட்டோம் என்று சபையார் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். க்வொன்சா அம்மாவின் புருஷனும் இருந்தார். அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர் அதிக நாள் இருக்கவில்லை. அவரைப் புதைத்துவிட்டு இந்த அம்மாள் தனியாக எல்லையைத் தாண்டித் தெற்கே நடந்து வந்தார். பிள்ளைகள் இல்லை. ஹாஸ்டலில் வாசல் பக்கத்து அறைதான் அவருக்கு வீடு.

பாங் மூப்பர் யோசித்துத்தான் அவரை வேலைக்கு வைத்தார். அந்தக் காலத்தில் முதலாளிகளுக்கு ஒரே பயம். படித்த பிள்ளைகள் பெயரை மாற்றிக்கொண்டு வேலையாட்களோடு வேலையாட்களாகப் புகுந்து, சங்கம், உரிமை என்று கிளப்பிவிடுவார்கள் என்று. "கம்யூனிஸ்ட்காரன் வாடையைக் கண்டுபிடிக்கிறதுக்கு வடக்குல இருந்து வந்தவங்களை விட யாரு இருக்கா?" என்று அவர் போதகரிடம் சொன்னதாகக் கேள்வி.

பழைய விசுவாசம் என்று ஒன்று உண்டென்றால் அது முழுக்க அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்ற வைக்கமாட்டார். சனிக்கிழமையே வடித்து ஆறிப்போன பார்லிச் சோற்றைக் கிம்ச்சி ஊறுகாயோடு சாப்பிடுவார். அன்றைக்குக் கடையில் ஒரு பொருள் வாங்கமாட்டார், பஸ் ஏறமாட்டார். பனி கொட்டினாலும் சபைக்கு நடைதான். பெண்கள் மேடை ஏறிப் பிரசங்கிப்பது அவருக்கு ஆகாது. பெண்கள் முடியை வெட்டிக்கொள்வது அதைவிட ஆகாது. ரேடியோவில் காதல் பாட்டு வந்தால் வந்து நிறுத்திவிட்டு, தானே ஞானப்பாட்டு ஒன்றைப் பாடுவார். குரல் நன்றாக இருக்காது. நாங்களே ரேடியோவை நிறுத்தக் கற்றுக்கொண்டோம்.

எங்கள் தளத்தில் ஹிஜு என்று ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடம் போகாதவள் என்று சொல்லித்தான் சேர்ந்தாள். ஆனால் கைவிரல்கள் வெண்ணெய் மாதிரி இருந்தன. எந்திரத்தில் நூல் கோக்கத் தெரியவில்லை. வேதாகமக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண் அவள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாது என்று அவள் மட்டும் நம்பிக்கொண்டிருந்தாள். க்வொன்சா அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவர் மூப்பரிடம் சொன்னதெல்லாம், "அந்தப் பொண்ணு முடி சரியில்லை" என்பதுதான்.

ஒரு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. இனி ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று மூப்பர் அறிவித்தார். ஆனால் பக்தியுள்ளவர் பாருங்கள், அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார். காலையில் சாப்பாட்டுக்கூடத்திலேயே போதகர் வந்து சின்ன ஆராதனை நடத்துவார், ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஆசீர்வாதம், உடனே எந்திரம்.

ஹாஸ்டலில் காலையில் பித்தளை மணி அடித்து எங்களை எழுப்புவது க்வொன்சா அம்மாவின் வேலை. அந்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. நாங்கள் விழித்தபோது வெயில் ஜன்னலில் இருந்தது. கீழே மூப்பரின் சத்தம் கேட்டது.

"க்வொன்சா அம்மா, உடம்பு சரியில்லையா?"

"கர்த்தர் புண்ணியத்துல நல்லா இருக்கேன், மூப்பர் ஐயா."

"அப்ப மணி?"

"மணியும் நல்லாதான் இருக்கு. இன்னைக்கு ஓய்வுநாள்."

மூப்பர் கோபப்படவில்லை. அவருக்கும் வேதம் தெரியும். "கழுதை குழியில விழுந்தா ஓய்வுநாள்னு பாக்காம தூக்கிவிடலாம்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே, அம்மா. இந்த ஆர்டர் நம்ம தேசத்துக்காக. அவசரம்."

"விழுந்தா தூக்கலாம், ஐயா. வாராவாரம் சனிக்கிழமை உக்காந்து குழி வெட்டுறவருக்கு என்ன சொல்லியிருக்குன்னு நான் இன்னும் படிக்கலை."

மாடிப்படியில் நின்ற நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறிலிருந்து மேற்பார்வையாளர் வந்து மணி அடித்தார். நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனோம். க்வொன்சா அம்மா தனியாகச் சபைக்கு நடந்து போனார்.

ஹிஜுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாலையில் என்னையும் இழுத்துக்கொண்டு வார்டன் அறைக்குப் போனாள்.

"க்வொன்சா அம்மா, நீங்க செஞ்சது பெரிய விஷயம். இதை எல்லார் முன்னாடியும் பேசணும். நம்ம உடம்பும் உடம்புதானே? தொழிலாளர் சட்டத்துலயே வார விடுமுறை இருக்கு."

"சட்டம் போட்டது யாரு?"

"அரசாங்கம்."

"அப்ப நாளைக்கு அரசாங்கம் எடுத்துடும். இது சீனாய் மலையில கொடுத்தது. அதை எடுக்க ஆள் பிறக்கலை. உன் முடியை யாரு இப்படிக் கத்தரிச்சது?"

"முடி கிடக்கட்டும், அம்மா. ஞாயிறு மட்டும் போதுமா? மீதி நாள் எல்லாம் விடிஞ்சதுல இருந்து கண்ணு எரியற வரைக்கும் தைக்கிறோமே. எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாதுன்னு நீங்களே கேளுங்களேன்."

"எட்டு மணி நேரம்னு வேதத்துல எங்க இருக்கு, காட்டு. ஆறு நாள் வேலை செய்னுதான் இருக்கு. வேலை செய்."

வெளியே வந்ததும் ஹிஜு சுவரில் முட்டிக்கொள்ளாத குறை. "ஜொம்னே அக்கா, இந்தம்மா முற்போக்கா பிற்போக்கா? எனக்கு ஒண்ணும் புரியலை."

நான் ஆரம்பப் பள்ளிக்கு மேல் போகாதவள். "அப்படின்னா என்ன?" என்று கேட்டேன்.

"முற்போக்குன்னா ஜனங்க நல்லா இருக்கணும்னு நினைக்கிறவங்க."

"பிற்போக்கு?"

"பழைய வேதாகமத்தைக் கட்டிக்கிட்டு அழறவங்க."

"ஞாயித்துக்கிழமை லீவு வேணும்னு ரெண்டு பேரும் கேக்குறீங்களே?"

"ஆனா காரணம் வேற, அக்கா!" என்றாள். காரணம் வேறு என்றால் தூக்கம் வேறு மாதிரி வருமா என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு மாலை ஆராதனை பெண்களுடையது. பிரசங்கம் போதகர்தான். சபையின் சார்பில் ஏறெடுக்கும் பெரிய ஜெபத்தை மட்டும் அன்று ஒரு க்வொன்சா செய்வார். அந்த வருஷம் முறை க்வொன்சா அம்மாவுக்கு.

எங்கள் ஜெபத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முன்னால் நிற்பவர் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முடிக்க முடிக்க, சபை முழுவதும் சத்தமாக ஆமென் போடும். கேட்டுவிட்டுப் போடுவது என்றில்லை. குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று காதுக்குத் தெரியும், இறங்குகிற இடத்தில் வாய் தானாகத் திறக்கும். எங்கள் சபையில் பெரிய ஆமென் பாங் மூப்பருடையது. முதல் வரிசையில் உட்கார்ந்து அவர் போட்டால் கண்ணாடி ஜன்னல் அதிரும். புதிதாக வந்த குழந்தைகள் அழும்.

க்வொன்சா அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். எங்கள் பாவங்களை மன்னியும் என்றார். ஆமென். வடக்கே இருக்கிற சபைகளைத் திரும்பக் கட்டும் என்றார். ஆமென். கம்யூனிஸ்ட் சேனைகளிடமிருந்து இந்தத் தேசத்தைக் காப்பாற்றும் என்றார். ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் மூப்பருடைய தொழிற்சாலையை ஆசீர்வதியும், வருகிற ஆர்டரையும் போகிற கப்பலையும் ஆசீர்வதியும் என்றார். மறுபடியும் அதிர்ந்தது.

"அந்தத் தொழிற்சாலையின் வாசல் உம்முடைய பரிசுத்த நாளில் பூட்டிக்கிடக்கவும், உம்முடைய பெண்பிள்ளைகள் இளைப்பாறவும் கிருபை செய்யும், கர்த்தாவே!"

"ஆமென்!" என்றது சபை. எல்லாருக்கும் மேலே பாங் மூப்பரின் குரல்.

அதற்குப் பிறகுதான் அமைதி வந்தது. நான் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். போதகர் தரையைப் பார்த்தார். மூப்பரின் கழுத்து பின்னாலிருந்து சிவப்பாகத் தெரிந்தது. க்வொன்சா அம்மா கண்ணைத் திறக்கவேயில்லை.

"எங்கள் மூப்பரின் ஆமெனைக் கேட்டதற்காக நன்றி செலுத்துகிறோம்" என்று முடித்தார். அதற்கு யாரும் ஆமென் போடவில்லை, பின்வரிசையில் காது கேட்காத ஒரு தாத்தாவைத் தவிர.

அடுத்த ஞாயிறு மேற்பார்வையாளர் மணி அடித்தார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. "மூப்பரே ஆமென் சொல்லியாச்சே, அண்ணே. அவரை தேவனுக்கு முன்னாடி பொய்க்காரராக்கச் சொல்றீங்களா?" என்று போர்வைக்குள்ளிருந்து ஒருத்தி கேட்டாள். அவர் மணியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியாது, போலீஸ் ஜீப் வந்து நின்றது. வார்டனைக் கூப்பிட்டுக்கொண்டு போகவேண்டும் என்றார்கள்.

"வர்றேன். ஆனா ஞாயித்துக்கிழமை வண்டியில ஏறமாட்டேன். நடந்து வர்றேன்" என்றார் க்வொன்சா அம்மா. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டார். நாங்கள் கடற்காற்றில் நடந்தோம். ஜீப் எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது. வழியில் பார்த்தவர்கள் ஏதோ பெரிய இடத்து அம்மாளுக்குப் போலீஸ் பாதுகாப்பு என்று நினைத்து வணங்கினார்கள். அவரும் எல்லாருக்கும் தலை குனிந்து வணங்கிக்கொண்டே வந்தார்.

நிலையத்தில் விசாரித்தவர் இளவயதுக்காரர். "யாரு உன்னைத் தூண்டிவிட்டது?" என்று ஆரம்பித்தார்.

"நீங்களும் இன்னைக்கு வேலையா, தம்பி? வீட்டுல பிள்ளைங்க இருக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க." ஒருமை போய் மரியாதை வந்ததை நான் கவனித்தேன். "நீங்க வடக்குல இருந்து வந்தவங்க. ஏன் வந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை ஓட்டுப்போடச் சொன்னாங்க."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தான் என் வீட்டுக்காரரை அடிச்சாங்க. அதுக்காகத்தான் வந்தேன்."

"இங்க ஆளுங்களை வேலை செய்யவிடாமத் தடுக்கிறது கம்யூனிஸ்ட் வேலை. தெரியுமா?"

"அப்படியா?" க்வொன்சா அம்மா நிஜமாகவே யோசித்தார். "அங்க என்னைப் பிற்போக்குவாதி, அமெரிக்காக்காரன் கைக்கூலின்னு சொன்னாங்க. இங்க சிவப்புன்னு சொல்றீங்க. நான் ரெண்டு இடத்துலயும் ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். தம்பி, நீங்களும் அவங்களும் உக்காந்து பேசி ஒரு பேரை முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

அதிகாரி பேனாவை மூடினார். போதகருக்கு ஆள் அனுப்பினார். போதகர் மூச்சிரைக்க வந்து, "ஐயா, இவங்க முற்போக்கெல்லாம் இல்லை. எங்க சபையிலேயே இவங்களை மாதிரி பழைய பஞ்சாங்கம் வேற ஆளே கிடையாது. நான் உத்தரவாதம்" என்றார். க்வொன்சா அம்மாவைப் பாராட்டியவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவரைக் காப்பாற்றிய பாராட்டு இது ஒன்றுதான்.

ஆனால் மூப்பர் விடவில்லை. க்வொன்சா அம்மா சபை நடுவில் மன்னிப்புக் கேட்டு, திரும்ப மணி அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஹாஸ்டல் அறையைக் காலி செய்யவேண்டும் என்றார். மூப்பர்களின் கூட்டம் கூடியது. பார்லித் தேநீர்த் தட்டோடு நான் கதவருகே நின்றிருந்தேன். உள்ளே கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

பாங் மூப்பர் சொன்னார்: "அது ஒரு ஆமெனா? வழக்கத்துல வாயில வந்தது. எல்லாருக்கும் வர்றதுதானே!"

மூப்பர்களில் மூத்தவர் கோ என்பவர். சபைக்குள் கிடார் வரக்கூடாது என்று சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாகச் சொன்னவர். ஹிஜுவைப் போன்ற பிள்ளைகளை அவருக்கு அறவே பிடிக்காது. அவர் தொண்டையைச் செருமினார்.

"பாங் மூப்பரே. மூப்பரா உங்களை அபிஷேகம் பண்ணினப்போ, உண்மையா இருப்பீங்களான்னு போதகர் கேட்டாரு. நீங்க ஆமென்னு சொன்னீங்க. அதுவும் வழக்கத்துல வந்ததுதானா?"

"அது வேற, ஐயா."

"எது வேற? எந்த ஆமென் நிஜம், எது பழக்கம்னு பக்கத்துல ஒரு அடையாளம் போட்டுக் கொடுங்க. கர்த்தரும் குழம்பமாட்டாரு."

என் கையில் தேநீர் ஆறிப்போயிற்று. வாயில் வந்த ஆமென் ஆமென்தான் என்று கூட்டம் முடிவு செய்தது. முற்போக்கான ஒரு காரியத்தைச் செய்துவிட்டோம் என்று அந்தப் பெரியவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் பயந்து முடிவை மாற்றியிருப்பார்கள். நல்லவேளையாக யாரும் சொல்லவில்லை.

தொழிற்சாலை வாசலில் பலகை மாட்டினார்கள்: கர்த்தருடைய நாளில் விடுமுறை. பாங் மூப்பரின் பெயர் பரவிவிட்டது. ஆர்டரை விட ஆண்டவரே பெரியவர் என்று முடிவெடுத்த முதலாளி என்று அக்கம்பக்கத்துச் சபைகள் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டன. ஜெப நேரத்தில் ஒரு சத்தம் தன் உள்ளத்தில் கேட்டது என்று அவர் எல்லா இடத்திலும் சொன்னார். உள்ளத்தில் அல்ல, காதில் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். சொல்லிச் சொல்லி அவரே நம்பத் தொடங்கிவிட்டார், நம்பின பிறகு ஒரு ஞாயிறும் கதவைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை வேலையைத்தான் நீட்டினார். ஞாயிறு பிறக்கும் கடைசி நிமிஷம் வரைக்கும். மற்ற நாட்களிலும் வேலை நேரத்தைக் கூட்டினார். ஹிஜு நேராகவே போய்க் கேட்டாள். "ஆறு நாள் வேலை செய்னுதான் வேதத்துல இருக்குன்னு உங்க க்வொன்சாவே சொல்றாங்க, போய்க் கேளு" என்று அனுப்பிவிட்டார்.

"ஜெயிச்சதும் இந்தம்மாவால, தோத்ததும் இந்தம்மாவால" என்று ஹிஜு என் படுக்கையில் உட்கார்ந்து அழுதாள். மூப்பர் சொன்னதை க்வொன்சா அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

ஹாஸ்டலுக்கு இளவயது வார்டன் வேண்டும் என்று குளிர்காலம் முடிவதற்குள் அவரை நிறுத்திவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னதைக் கூட்டம் தள்ளிவிட்டதால் வயதைக் காரணம் காட்டினார்கள். அக்காள் மகள் ஒருத்தி குன்சானில் இருந்தாள், அங்கே போனார். அங்கேயும் ஒரு சபையில் தரையைத் துடைத்து, கிடாரை எதிர்த்து, பல வருஷம் இருந்துவிட்டு, போன வசந்தத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹிஜு இப்போது போதகராக இருக்கிறாள், முடி இன்னும் அதே மாதிரிதான்.

குன்சானுக்குக் கிளம்பினது ஒரு திங்கட்கிழமை. பஸ் நிலையத்துக்கு அவர் மூட்டையை நான் தூக்கிக்கொண்டு போனேன். அழக்கூடாது என்று நினைத்து, வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே இருந்தேன். பஸ் வந்தது. படியில் ஏறினவர் திரும்பி நின்றார். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், நகரவில்லை.

"ஜொம்னே, அந்த முடி வெட்டின பொண்ணுகிட்ட சொல்லு. ஞாயித்துக்கிழமையைப் பத்தி எனக்குச் சந்தேகமே இல்லை. மீதி ஆறு நாளைப் பத்தி நான் இன்னும் ஜெபிச்சு முடிக்கலை. நான் மெதுவா ஜெபிக்கிறவ. நீங்க எனக்காகக் காத்திருக்காதீங்க."